தோழிகள் என்றொரு கணக்கு

அவளுக்குக் கத்தரி என்று பெயர் வைத்தது ஆண்கள்தான். வேறு யார்? அந்தச் சங்கத்தில் பெயர் வைப்பது, பெயர் வாங்குவது, பெயர் போட்டுக்கொள்வது மூன்றும் அவர்கள் இலாகா. ஒருத்தர் நாற்பது வரியில் எழுதியிருந்த கணினி நிரலை அவள் பதினொரு வரியாகச் சுருக்கி அனுப்பிவிட்டாள். நாற்பது வரிக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். "கத்தரி வந்துடுச்சு, எல்லாரும் வாலைச் சுருட்டிக்கங்க" என்று ஒருவன் எழுதப்போக, அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கும் அந்தப் பெயர் உள்ளூரப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை நியாயமாக இருக்காது.

சங்கம் என்றதும் கட்டடம், பெயர்ப்பலகை என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன ஆஸ்பத்திரிகள் நோயாளிகளின் விவரத்தையும் மருந்துக் கையிருப்பையும் வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள், அதை எழுதிப் பராமரிக்கிற இருநூறு சொச்சம் பேர், அவ்வளவுதான் சங்கம். மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். யாரும் குறை கண்டால் திருத்தி அனுப்பலாம். ஏழு நிர்வாகிகளில் ஒருவர் சரி என்றால் திருத்தம் உள்ளே போகும். வேலை முடிந்து வந்து, கூலி இல்லாமல் செய்கிற வேலை. கூலி இல்லாத இடத்தில் பெயர்தான் கூலி. யார் எத்தனை திருத்தம் செய்தார் என்று ஒரு பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்படி எப்போதும் இருக்கும். வெளியே வேலை தேடுகிறவர்கள் அந்தப் பட்டியலைத்தான் காட்டுவார்கள். வேலை கொடுக்கிறவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள்.

இந்த மென்பொருளின் முதல் வரியை எழுதியவர்தான் நிர்வாகிகளில் மூத்தவர். எந்தப் பேச்சையும் "முதல் வரிய நான்தான் எழுதினேன்" என்று ஆரம்பிப்பார். அதனால் பெண்கள் அவரை முதல்வரிக்காரர் என்பார்கள், அவர் காதில் விழாமல். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. சொல்லிவிட முடிந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

பெண்கள் மொத்தம் இருபத்திரண்டு பேர். ஆரம்பத்தில் அவரவர் பெயரில்தான் அனுப்பினார்கள். ஒரு பல் டாக்டர் அம்மா, தேதி தப்பாக விழுவதைச் சரிசெய்து மூன்றே மூன்று வரி அனுப்பினார். மூன்று வரிக்கு அறுபத்தேழு கருத்துகள் வந்தன. "இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று ஒருவன். "படத்துல இருக்கறது நீங்கதானா?" என்று இன்னொருவன். கடைசியில் திருத்தத்தைத் தள்ளிவிட்டார்கள். எட்டு நாள் கழித்து அதே மூன்று வரியை ஓர் ஆண் அனுப்பினான். சாயங்காலத்துக்குள் உள்ளே போய்விட்டது, "அருமை" என்ற பாராட்டோடு. "கடைவாய்ப்பல்லப் பிடுங்கறப்பகூட இவ்ளோ பேர் வாயத் தொறந்ததில்ல" என்றார் பல் டாக்டர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் ஒரு மாதம் எதுவும் அனுப்பவில்லை.

அப்போதுதான் கத்தரி பெண்களைத் திரட்டினாள். ஆஸ்பத்திரிப் பதிவறையில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவள். யாரை எந்த அடுக்கில் தேட வேண்டும் என்று தெரியும். பல் டாக்டரின் கிளினிக் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும். காத்திருப்போர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுற்றிப் போட்டு உட்காருவார்கள். சுவரில் சொத்தைப் பல்லின் குறுக்குவெட்டுப் படம். உள்ளே வெளிச்சம் நன்றாக இருந்ததால் யாராவது ஒருத்தி பல் பிடுங்குகிற நாற்காலியில் சாய்ந்து, மடியில் கணினியோடு, ராணி மாதிரி வேலை பார்ப்பாள். அதற்கு முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்காகச் சண்டைகூட வரும்.

அந்த அறையில்தான் கத்தரிக்கு அந்த யோசனை வந்தது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, பெயர் தோழிகள். பழைய சொந்தக் கணக்குகளை அவரவர் மூடிவிட வேண்டும், பட்டியலில் இருக்கிற பெயரும் அதோடு போய்விடும். பெண்கள் தங்கள் திருத்தத்தைக் கத்தரிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, சுருக்கி, துடைத்து, தோழிகள் கணக்கில் ஏற்றுவாள். எது யாருடையது என்று வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. பொதுக் கணக்குக்கு நிர்வாகி ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. முதல்வரிக்காரர் தானாகவே முன்வந்தார். "என் பேரப் போட்டுக்கங்கம்மா. ஒரு அண்ணன் இருக்கான்னு நெனச்சுக்கங்க" என்றார். அன்றைக்குக் கை தட்டினார்கள். கத்தரியும் தட்டினாள்.

யோசனை பலித்தது. கடிக்க ஆள் தெரியாவிட்டால் கடிப்பதில் சுவாரஸ்யம் இல்லை போலிருக்கிறது. தோழிகள் அனுப்பியது நாலு நாளில், ஐந்து நாளில் உள்ளே போனது. பல் டாக்டர் மறுபடி எழுத ஆரம்பித்தார். பிள்ளை பெற்று வீட்டில் இருந்தவள் எழுதினாள். கணக்கு வாத்தியாரம்மா எழுதினார். புதிதாக வருகிறவர்களுக்காகக் கத்தரி ஒரு கையேடு எழுதினாள், நாற்பத்திரண்டு பக்கம். அதுவும் தோழிகள் கணக்கில்தான் போனது. நாலு வருடத்தில் ஒருத்தியும் அழுதுகொண்டு விலகவில்லை. கத்தரிக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் வருடம் மருந்தாளர் பெண் வந்தாள். இருபத்தாறு வயது. ஒரு மருந்துக் கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை. சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுக்கிறவளுக்குத்தான் சீட்டில் என்ன தப்பு வரும் என்று தெரியும். ஒரு வயதுக்குக் கீழே எந்தக் குழந்தையாக இருந்தாலும் மென்பொருள் வயது சைபர் என்று காட்டுவதை அவள்தான் கண்டுபிடித்தாள். மூன்று மாதக் குழந்தையும் சைபர், பதினொரு மாதக் குழந்தையும் சைபர், இரண்டுக்கும் ஒரே அளவு மருந்து. பத்து வருடமாக இருநூறு ஆண்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் அந்தப் பக்கத்தையே புதிதாக எழுதினாள். மாதத்தைக் கேட்கும், எடையைக் கேட்கும், சொட்டா மில்லியா என்று கேட்கும், அளவு மீறினால் சிவப்பாகிக் கத்தும். எட்டு மாதத்தில் முப்பத்தொரு திருத்தங்கள். கத்தரியால் ஒரு வரிகூடச் சுருக்க முடியவில்லை. அவள் வாழ்க்கையில் அது முதல்முறை.

ஒவ்வொரு திருத்தத்தின் கடைசியிலும் மருந்தாளர் ஓர் எழுத்து போட்டிருப்பாள். அவள் பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். நிரல் ஓடுவதற்கு அது தேவையில்லை. கத்தரி ஒவ்வொரு முறையும் அதை எடுத்துவிட்டு ஏற்றினாள்.

"அக்கா, ஒரு எழுத்துதானே, இருந்துட்டுப் போகட்டுமே" என்று ஒருநாள் கேட்டாள் மருந்தாளர்.

"எழுத்த வச்சு ஆளக் கண்டுபிடிச்சுடுவானுங்க. அப்புறம் உன்னக் குதறிடுவானுங்க."

"குதறட்டும்க்கா. எங்கயாவது ஒரு மூலையில நான் இருக்கணும்ல."

"பேருக்காகவாடி இதெல்லாம் பண்றோம்?" என்றாள் கத்தரி. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். மருந்தாளர் மென்று விழுங்கிக்கொண்டாள். அடுத்த திருத்தத்திலும் எழுத்து இருந்தது. கத்தரி அதையும் எடுத்தாள்.

இது இப்படி இருக்க, ஒரு சனிக்கிழமை மருந்தாளர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தாள். முகம் செத்துப் போயிருந்தது. பல் பிடுங்குகிற நாற்காலி அன்றைக்கு அவள் முறை. அவள் அதன் பக்கமே போகவில்லை.

அவள் வேலை பார்க்கிற கடையை மாதக் கடைசியில் மூடுகிறார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற ஒரு கம்பெனியில் அவள் வேலைக்குப் போட்டிருந்தாள். தேர்வு எல்லாம் தாண்டிவிட்டாள். கடைசி நேர்காணலில், குழந்தை மருந்துப் பக்கத்தைத் திறந்து, இதை எழுதியது நான் என்றிருக்கிறாள். எதிரே இருந்தவர் தன் கணினியில் ஏதோ தேடினார். தோழிகள் என்ற கணக்கு வந்தது. பொறுப்பாளர் என்ற இடத்தில் முதல்வரிக்காரரின் பெயர் வந்தது.

"இவர்தான் எழுதியிருக்காருன்னு போட்டிருக்கேம்மா, அப்படின்னார்க்கா. திட்டக்கூட இல்ல. பாவம் பார்க்கற மாதிரி பார்த்தார். பொய் சொல்லி மாட்டிக்கிட்டவள எப்படிப் பார்ப்பாங்களோ அப்படி."

பல் டாக்டர்தான் முதலில் கேட்டார். "அப்ப எழுதினதெல்லாம் அவர் கணக்குலயா போயிருக்கு?"

கத்தரி பட்டியலைத் திறந்து பார்த்தாள். நாலு வருடமாக அவள் பார்க்காத பட்டியல். பேருக்காகச் செய்யாதவள் அதை எதற்குப் பார்க்கப் போகிறாள். விதி இப்படித்தான் எழுதியிருந்தது: பொதுக் கணக்கின் திருத்தங்கள் அதன் பொறுப்பாளரின் கணக்கில் சேரும். முதல்வரிக்காரர் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். இந்த வருடம் நானூற்று முப்பத்தெட்டு. அதில் அவரே செய்தது ஒன்பது. அந்த ஒன்பதில் நாலு, முகப்பில் தன் புகைப்படத்தை மாற்றியது.

கத்தரியின் சொந்தப் பெயரைத் தேடினால், அப்படி ஒருவர் இல்லை என்று வந்தது.

"ஒரு வாரம் டைம் குடுத்திருக்காங்க. யார் பேர்ல இருக்கோ அவர்கிட்டருந்து கடிதம் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் மருந்தாளர்.

"உன் மெயிலெல்லாம் எங்கிட்ட இருக்குடி. முப்பத்தொண்ணும் இருக்கு, தேதியோட" என்றாள் கத்தரி. "நான் எழுதறேன் அவங்களுக்கு."

எழுதினாள். எல்லா மின்னஞ்சலையும் இணைத்து, கைப்பட எழுதுவது போல ஒழுங்காக எழுதினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். தங்கள் பெயர் சங்கத்தின் பங்களிப்பாளர் பட்டியலில் காணப்படவில்லை என்பதால் தங்கள் சான்றை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்றிருந்தது. அவள் அதை நாலு தடவை படித்தாள். ஐந்தாவது தடவை கணவனிடம் காட்டினாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தைந்து மாடி உச்சியில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற மனிதர். வீட்டில் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றச் சொன்னால் தலை சுற்றுகிறது என்பார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாங்க ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் மேல மோட்டார் ரூம்ல ஒரு அட்டை மாட்டியிருப்போம். பாத்திருக்கியா? இல்ல, நீ எங்க பாத்திருப்ப. வேலை முடிஞ்சதும் அதுல பேரும் தேதியும் எழுதாம எவனும் எறங்க மாட்டான். எழுதலன்னா வேலை செய்யலன்னு அர்த்தம்."

"அது விழுந்தா ஆளப் புடிக்கறதுக்கு."

"ஓடுனாலும் அதே பேருதான். எங்க சின்னப் பையங்க யாராவது செஞ்ச வேலைல நான் என் பேர எழுத மாட்டேன். அவனையும் எழுதாம விட மாட்டேன்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ அந்தப் பொண்ணு எழுத்த அழிச்சேன்னு சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"அப்பவே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"கத்தரிகிட்ட எவன் நாக்க நீட்டுவான்?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

அந்த வாரம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். ஒரு கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தில் காலை பத்து மணிக்கு. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நூற்றைம்பது ஆண்கள். பெண்கள் மூன்றாவது வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அது புகைப்படக்காரருக்கு வசதியான வரிசை. மருந்தாளர் வரவில்லை. கடையில் சரக்கை மூட்டை கட்டுகிற வேலை இருந்தது.

அந்த வருடத்தின் அதிகப் பங்களிப்புக்கான கேடயம் முதல்வரிக்காரருக்கு. மேடைக்குப் போனவர் நிஜமாகவே கூச்சப்பட்டார். "முதல் வரிய நான்தான் எழுதினேன். ஆனா இந்தக் கேடயம் என்னுதில்ல" என்றதும் கத்தரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் அவரை நம்பிவிட்டாள். "இது என் தங்கைங்களோடது. அவங்க எனக்குப் பின்னால நிக்கறாங்க. வாங்கம்மா, எல்லாரும் மேல வாங்க" என்றார். கூடமே எழுந்து கை தட்டியது. பெண்கள் மேடைக்குப் போய், சொன்னபடியே, அவருக்குப் பின்னால் நின்றார்கள். யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்டதல்ல. அவருக்குத் தெரியாது.

தேநீர் இடைவேளையில் கத்தரி அவரைப் பிடித்தாள். ஒரு கையில் கேடயம், ஒரு கையில் பிஸ்கட்டு. விஷயத்தை முழுக்கச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்கிறபோது பிஸ்கட்டைக்கூடக் கடிக்கவில்லை. அந்த மட்டில் நல்ல மனிதர்.

"அடடா. இதுக்கா இவ்ளோ கவலைப்பட்டீங்க? கடிதம்தானே, நாளைக்கே தர்றேன்."

"அது மட்டும் இல்ல சார். உங்க ஒம்பது போக மீதி நானூத்தி இருபத்தொம்பது. அத எங்க பேர்ல மாத்தணும். யார் யார் எதைச் செஞ்சாங்கன்னு எங்கிட்ட மெயில் இருக்கு."

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. ஒரு பிள்ளை அல்பமாக எதையோ கேட்டுவிட்டால் வருகிற வருத்தம்.

"பேருக்காகவாம்மா இதெல்லாம் பண்றோம்?" என்றார்.

கத்தரிக்குத் தன் குரலே கேட்டது. அதே சொல், அதே இழுப்பு. தான் சொன்னபோதும் இப்படித்தான் தலையைச் சாய்த்துக்கொண்டு சொல்லியிருப்போம் என்று நினைத்தபோது, கையில் இருந்த தேநீரைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. இவரைத் திட்டித் தீர்த்துவிடலாம். ஆனால் இவர் அந்தக் கணக்கை ஒருநாளும் திறந்தவர் இல்லை. முப்பத்தொரு தடவை அந்த எழுத்தை அழித்தது அவர் விரல் இல்லை.

கடிதம் சொன்னபடியே மறுநாள் வந்தது. சங்கத்தின் முத்திரையோடு, அவர் கையெழுத்தோடு. "இவர் எனது நேரடி வழிகாட்டுதலின் கீழ், குழந்தை மருந்துப் பகுதியை நான் உருவாக்கியபோது எனக்கு உதவியாகப் பணியாற்றினார். கற்றுக்கொள்ளும் ஆர்வம் மிக்கவர். பணிவானவர்."

கத்தரி உடனே போன் செய்தாள். "சார், நீங்க உருவாக்கினதா? உங்களுக்கு அந்தப் பக்கம் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"கோபப்படாதீங்கம்மா. யோசிச்சுப் பாருங்க. நான் வழிகாட்டலன்னு எழுதினா, நாலு வருஷமா நான் பொறுப்பாளரா இல்லன்னு ஆகும். பேருக்கு ஒரு பொறுப்பாளர வச்சு ஏமாத்தினீங்கன்னு நிர்வாகத்துல எவனாவது கெளப்புவான். கணக்கையே மூடிடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்தப் பொண்ணுக்கு வேலை கெடைக்கணும், அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். ஒரு வாரக் கெடுவில் ஒரு நாள்தான் பாக்கி. கிழித்துப் போட்டால் அவளுடைய மானம் நிற்கும், மருந்தாளரின் வேலை போகும். கடிதத்தை அச்செடுத்து, உறையில் போட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மருந்துக் கடைக்கு நடந்தாள். வழியெல்லாம் அந்த உறை கையில் சுட்டது.

கடையில் பாதி அலமாரிகள் காலி. மருந்தாளர் தரையில் உட்கார்ந்து அட்டைப் பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். நின்று நின்று அவள் கணுக்கால்கள் வீங்கியிருந்ததைக் கத்தரி அன்றைக்குத்தான் பார்த்தாள். இரண்டு வருடமாக அவள் எழுத்தை மட்டும் பார்த்தவள்.

மருந்தாளர் உறையைப் பிரித்துப் படித்தாள். மருந்துச் சீட்டைப் படிப்பது போல, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"நீங்க படிச்சீங்களாக்கா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டுதான் கொண்டு வந்தீங்க."

"வேற வழி தெரியலடி."

"இல்லக்கா, சரிதான். எனக்கு இது வேணும். பல்லக் கடிச்சிட்டுக் குடுத்துடுவேன்." உறைக்குள் கடிதத்தை மறுபடி வைத்தாள். "ஒண்ணு கேக்கட்டா? அவர் என்னைப் பாத்ததே இல்ல. தெருவுல எதிர்ல வந்தாக்கூட தெரியாது. தெரியாத மனுஷன் தெரியாம பண்ணினாரு. நீங்க பாத்தீங்கல்ல? முப்பத்தோரு வாட்டியும் பாத்துட்டுதானே எடுத்தீங்க?"

கத்தரி மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். உன் நல்லதுக்குத்தான் என்ற சொல்தான் முதலில் நாக்கு நுனிக்கு வந்தது. அதைக் கடித்து விழுங்கினாள். கொஞ்ச நேரம் பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வேலை கிடைத்துவிட்டது. பெண்களின் வாட்ஸப் குழுவில் மருந்தாளர் எழுதினாள்: "கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி." வாழ்த்துகள் வந்து குவிந்தன, கை தட்டுகிற பொம்மைகள், பூங்கொத்துகள். அவை ஓய்வதற்குள், அவள் குழுவிலிருந்து விலகினாள் என்ற சாம்பல் நிற வரி வந்து விழுந்தது. நாலு வருடத்தில் விலகிய முதல் ஆள். அழவில்லை, அதனால் கத்தரியின் பெருமைக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை கிளினிக்கில் இருபத்தோரு பேர் இருந்தார்கள். பல் பிடுங்குகிற நாற்காலி காலியாகவே கிடந்தது. யாரும் அதற்குச் சண்டை போடவில்லை.

"இன்னியிலருந்து அவங்கவங்க பேர்லதான்" என்றாள் கத்தரி. "எனக்கு யாரும் அனுப்ப வேணாம். நான் யாருதையும் தொட மாட்டேன்."

"மறுபடி கடிப்பாங்களே" என்றாள் பிள்ளைக்காரி.

"கடிக்கட்டும். பல்லு டாக்டர்தான் இங்கயே இருக்காங்களே."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. கணக்கு வாத்தியாரம்மா எழுந்து, "நாலு வருஷம் கழிச்சு இப்ப சொல்றீங்க. நாங்க மொதல்லருந்து ஆரம்பிக்கணும், சைபர்லருந்து" என்றார். கத்தரியும் சைபர்தான் என்பது பதில் ஆகாது.

அங்கேயே உட்கார்ந்து அவள் தன் சொந்தப் பெயரில் புதிதாக ஒரு கணக்கு தொடங்கினாள். எல்லோரும் பார்க்க, அதில் முதல் திருத்தத்தை எழுதினாள். பெரிதாக ஒன்றுமில்லை. குழந்தை மருந்துப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: இந்தப் பக்கத்தை எழுதியவர் என்று போட்டு, மருந்தாளரின் முழுப் பெயர். முதல் எழுத்து மட்டுமல்ல, முழுப் பெயர். இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினாள்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. பல் டாக்டர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அனுப்பியவன் யாரோ புதுப் பையன். போன வருடம் சேர்ந்து, நிர்வாகிகள் சார்பில் பதில் எழுதுகிறவனாக இருக்கும்.

"வரவேற்கிறோம் சகோதரி! இது உங்கள் முதல் பங்களிப்பு என்று தெரிகிறது. நிரலில் தனிநபர் பெயர்களைச் சேர்ப்பது நம் வழக்கமில்லை. எனவே இதை ஏற்க முடியவில்லை. மனம் தளர வேண்டாம். புதியவர்களுக்காக ஒரு அருமையான கையேடு இருக்கிறது, நாற்பத்திரண்டு பக்கம்தான். முதல் வரியை எழுதிய நம் மூத்த நிர்வாகி அவர்களே எழுதியது. முதலில் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு வாருங்கள். குறிப்பாக ஏழாம் பக்கம்."

ஏழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கத்தரிக்குப் பார்க்காமலே தெரியும். நாலு வருடத்துக்கு முன் இதே அறையில், இதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் எழுதியது அது. நிரலில் யாரும் தங்கள் பெயரையோ பெயரின் எழுத்தையோ விட்டுவைக்கக் கூடாது, இருந்தால் நீக்கிவிடவும்.